மூடுபனியில் தெரியும் லென்ஸின் குணம்

சாதாரண தரத்தில் வரலாறு படித்தவர்களுக்குக் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு என்ற பெயர் மறக்காது. 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பரீட்சைக்குத் தவறாமல் வரும் கேள்வி. அந்த இரட்டைப் பெயரின் பின்பாதிக்காரர் சார்ள்ஸ் ஹே கமரன் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார் என்பது ஹட்டனில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. பக்கத்தில் அவருடைய மனைவியின் கல்லறை. ஆணைக்குழு நம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. மனைவியின் பெயரோ உலகம் முழுக்கப் படக்கலை படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஜூலியா மார்கரெட் கமரன். 1863 கடைசியில், 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கி, 19ஆம் நூற்றாண்டின் பெரிய உருவப்படக் கலைஞர்களில் ஒருவராக ஆனவர். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி, களுத்துறையில் இருந்தபோது உள்ளூர் மக்களைப் படம் பிடித்தார். 1879 ஜனவரியில் திக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமானார்.

அவர் காலத்துப் படப்பிடிப்பாளர்கள் அவரை இளக்காரமாகப் பேசியதற்கு முக்கியக் காரணம், படங்கள் கூர்மையாக இல்லை என்பதுதான். அவரோ அதை மறைக்கவில்லை. ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே போகும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்வேன், மற்றவர்கள் சொல்வதுபோல் கடைசிக் கூர்மைவரை திருகிக்கொண்டிருக்க மாட்டேன் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்.

கோயில் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ புதுக் கமரா வாங்கிய பையன்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "அண்ணே, இந்த லென்ஸ் ஷார்ப்பா?" அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பொகவந்தலாவைக் கல்லறைதான் எனக்கு ஞாபகம் வரும். கூர்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் மலைகளில் படம் எடுக்கிறவனுக்கு லென்ஸின் நல்லது கெட்டது கூர்மையில் தெரிவதைவிட வேறு நாலைந்து இடங்களில்தான் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். பாடசாலையில் நாம் வில்லை என்று படித்தது ஒற்றைக் கண்ணாடி. கமராவில் மாட்டும் லென்ஸ் என்பது அப்படிப்பட்ட பல வில்லைகளை ஒரு குழாய்க்குள் அடுக்கியது. மிக எளிய, 50 மி.மீ. குவியத்தூர லென்ஸுக்குள்ளேயே பெரும்பாலும் ஆறு வில்லைகள் இருக்கும். நல்ல ஸூம் லென்ஸில் பதினைந்து, இருபது. ஒரு குவிவு வில்லையே பிம்பத்தை விழுத்திவிடும் என்றால் இத்தனை எதற்கு? ஒரு வில்லை செய்யும் தவற்றைத் திருத்த இன்னொன்று, அது செய்யும் தவற்றுக்கு மற்றொன்று. அவ்வளவுதான் விஷயம். லென்ஸ் வடிவமைப்பு என்பது தவறுகளோடு பேரம் பேசும் வேலை. எந்த லென்ஸிலும் எல்லாத் தவறும் ஒழிவதில்லை. எதை விட்டுவைக்கலாம் என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருப்பார். அந்த முடிவு நமக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

அந்தத் தவறுகளில் மிகப் பழையது நிறம் சம்பந்தப்பட்டது. அரியத்தில் வெள்ளொளி நிறங்களாகப் பிரிவதுபோல வில்லையிலும் பிரியும். நீலம் ஓர் இடத்திலும் சிவப்பு கொஞ்சம் தள்ளியும் குவியும். நியூட்டனே இதைத் தீர்க்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். கிரவுன் கண்ணாடியையும் ஃபிளின்ட் கண்ணாடியையும் சேர்த்தால் ஒன்றின் நிறப்பிரிகையை மற்றது சமன் செய்யும் என்று காட்டி, லண்டனில் ஜோன் டொலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். பிறகு 1840இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் ஜோசஃப் பெட்ஸ்வால், கணக்குத் தெரிந்த பீரங்கிப் படை வீரர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, உருவப்படங்களுக்கென்றே ஒரு லென்ஸைக் கணித்துக் கொடுத்தார். அதற்கு முந்திய லென்ஸ்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் கூடுதலான வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. நடுப்பகுதி கூர்மை, ஓரங்கள் சுழன்று கரையும். ஜூலியா கமரனின் முதல் லென்ஸ் இந்த வகைதான். மங்கலுக்கு அவருடைய ரசனை பாதிக் காரணமென்றால் கண்ணாடியும் மீதிக்குப் பொறுப்பு என்பது என் எண்ணம்.

நிறத்தை விட்டால் மிச்சம் ஐந்து தவறுகள் என்று 1857இல் லூட்விக் சைடல் என்ற ஜெர்மன் அறிஞர் கணிதத்தில் பிரித்துக் காட்டினார். புத்தகங்களில் இவற்றை வரைபடம் போட்டு விளக்குவார்கள். நமக்கு வரைபடம் தேவையில்லை. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பாதையிலேயே எல்லாம் கிடக்கின்றன.

தேயிலைத் தொழிற்சாலையை நேர் எதிரே நின்று எடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு மாடி, மாடிக்கு இருபது முப்பது ஜன்னல், எல்லாம் கோடு போட்டதுபோல் ஒரே வரிசை. லென்ஸில் உருத்திரிபு இருந்தால் அந்த வரிசை பீப்பாய்போல் வெளியே பிதுங்கும், அல்லது தலையணைபோல் உள்ளே ஒடுங்கும். லயத்துத் தகரக் கூரையின் விளிம்பும் இதே சோதனைக்கு உதவும்.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், நல்லதண்ணிப் பக்கம் நின்று இரவில் மலையை எடுத்தால், படிக்கட்டு விளக்குகள் புள்ளி புள்ளியாக ஏறிப்போகும். படத்தின் நடுவில் புள்ளி புள்ளியாகவே இருக்கும். மூலையில் அதே விளக்கு சிறகு விரித்த குருவிபோல் தெரிந்தால் அது கோமா. குருவி ஒரு பக்கம் நீண்டு கோடுபோல் ஆகிவிட்டால் கூடவே புள்ளிக்குறை என்ற இன்னொரு தவறும் சேர்ந்திருக்கிறது.

புலவளைவு என்ற தவறுக்கு எங்கள் டவுன் ஸ்டூடியோவில் வேலை செய்த ஓர் அண்ணன் வைத்திருந்த மருந்து எனக்கு இன்றும் பிடிக்கும். லென்ஸ் கூர்மையாகக் காட்டும் பரப்பு தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் வளைந்திருப்பதே இந்தக் குறை. பாடசாலைக் குழுப்படத்தில் நடுவில் உட்கார்ந்த அதிபர் தெளிவாக இருப்பார், இரண்டு கோடியில் நிற்கும் பிள்ளைகள் மங்கலாகிவிடுவார்கள். அந்த அண்ணன் வாங்கை நேராகப் போடவே மாட்டார். "கோடியில நிக்கிறவங்க ஒரு அடி முன்னால வாங்க" என்று பிறை வடிவில் நிறுத்திவிடுவார். சைடலைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். லென்ஸ் வளைந்திருந்தால் வரிசையையும் வளைத்துவிடுவது என்ற அளவில் அவருக்குத் தீர்வு கிடைத்துவிட்டது.

மிஞ்சியது கோளப் பிறழ்வு: வில்லையின் ஓரத்தால் வரும் கதிரும் நடுவால் வரும் கதிரும் ஒரே இடத்தில் குவியாதது. துவாரத்தை, அதாவது ஒளி நுழையும் ஓட்டையை, முழுதாகத் திறந்து எடுக்கும்போது முகத்தைச் சுற்றி மெல்லிய புகைபோல் ஒரு பளபளப்பு வருமே, அது. கல்யாணப் பெண்ணுக்கு அது குறையாகவே தெரியாது. பின்னணியில் கலங்கித் தெரியும் விளக்குகள் வெண்ணெய்போல் வழுக்குவதும், விளிம்பு கட்டி வளையமாய்த் துருத்துவதும் இந்தப் பிறழ்வை எவ்வளவு, எந்தத் திசையில் திருத்தியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முழுக்கத் திருத்திய லென்ஸ்தான் அழகான படம் தரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இத்தனையும் உலகத்துக்கெல்லாம் பொது. மலையகத்துக்கென்று தனியாக உள்ள பிரச்சினை பனிமூட்டம்.

கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி திரும்பித் தெறிக்கிறது. ஒரு பரப்பென்றால் பெரிய விஷயமில்லை. ஆனால் 1896இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் போல் ருடொல்ஃப் உருவாக்கிய பிளானர் லென்ஸில் அப்படி எட்டுப் பரப்புகள். கணக்குப் போட்டால் உள்ளே போன ஒளியில் நூற்றுக்கு 72 பங்குதான் நேர்வழியில் வெளியே வருகிறது. மீதி முழுவதும் தொலைந்துபோனால் கூடப் பரவாயில்லை. அதில் ஒரு பகுதி வில்லைகளுக்கிடையே பந்துபோல் அடிபட்டு, கடைசியில் படத்தின் மேல் சாம்பல் நிறத் திரையாக விழும். அதனால்தான் பிறழ்வுகளை அருமையாகத் திருத்தியிருந்தும் பிளானர் அந்தக் காலத்தில் எடுபடவில்லை. அதே ருடொல்ஃப் 1902இல் கொடுத்த நான்கு வில்லை டெஸ்ஸார் எளிமையானது, ஆறே பரப்பு, படம் பளிச்சென்று இருந்தது. அதுதான் ஊரெல்லாம் ஓடியது.

பழைய லென்ஸ் ஒன்றின் கண்ணாடி வருடக்கணக்கில் கிடந்து நிறம் மங்கினால், புதியதைவிட அது அதிக ஒளியை விடுகிறது என்று இங்கிலாந்தின் டெனிஸ் டெய்லர் 1890களிலேயே கவனித்திருந்தார். அந்த மங்கிய மெல்லிய படலம் பிரதிபலிப்பைக் குறைத்திருந்தது. 1935இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, அதேபோன்ற படலத்தை வெற்றிடத்தில் வேண்டுமென்றே பூசும் முறையைக் கண்டார். படலத்தின் தடிப்பு ஒளியின் அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு. மேற்பரப்பில் தெறிக்கும் அலையும் அடியில் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒற்றைப் பூச்சில் பிரதிபலிப்பு ஒன்றரைச் சதவீதத்துக்கு இறங்கியது. இன்றைய பல்லடுக்குப் பூச்சில் அரைச் சதவீதத்துக்கும் கீழே. முப்பது பரப்புள்ள ஸூம் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சே இல்லையென்றால் நூற்றில் 29 பங்கு ஒளிதான் கடந்து வரும், படம் பாலில் நனைத்த துணிபோல் இருக்கும். அரைச் சதவீதப் பூச்சோடு 86 பங்கு வரும். இன்றைய ஸூம் லென்ஸ்கள் இருக்கின்றன என்பதே இந்தப் பூச்சால்தான். பிளானரின் ஆறு வில்லை அமைப்பும் பூச்சு வந்தபின் உயிர்த்தெழுந்தது. இன்று மலிவாகக் கிடைக்கும் 50 மி.மீ. லென்ஸ்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகளே.

இதற்கும் மூடுபனிக்கும் என்ன தொடர்பு? காலை ஆறரை மணி. தலவாக்கலைப் பக்கம் ஒரு மலையில் கொழுந்து நிரை பிடித்து நிற்கிறார்கள். பின்னால் பனி, மேலே வெள்ளை வானம், அதற்குப் பின்னால் எங்கோ சூரியன். அதாவது படத்தில் பாதிக்கு மேல் வெறும் வெளிச்சம். பனித் துளிகளே ஒளியைச் சிதறடித்து, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள மாறுபாட்டை ஏற்கனவே விழுங்கிவிட்டன. முன்னால் நிற்பவரின் கறுத்த படங்குக்கும் பின்னால் இருக்கும் பனிக்கும் நடுவில் மிச்சமிருக்கும் கொஞ்ச வித்தியாசத்தைத்தான் லென்ஸ் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும். பூச்சு மோசமான லென்ஸ் தன் பங்குக்கு இன்னொரு பனியைப் போடும். கடற்கரை வெயிலில் இந்த இரண்டு லென்ஸுக்கும் வித்தியாசமே தெரியாது. கொழும்பில் கடை வாசலில் சோதித்து வாங்கி வந்த லென்ஸ் நானு ஓயாவில் இறங்கியதும் வேறு குணம் காட்டுவது இப்படித்தான்.

பூச்சைப் பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. லென்ஸைக் கையில் பிடித்து ஒரு மின்குமிழ் அதில் தெரியும்படி சாய்த்துப் பாருங்கள். உள்ளே குமிழின் பிம்பங்கள் சின்னதும் பெரிதுமாய் வரிசையாகத் தெரியும். பச்சை, ஊதா, அம்பர் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தால் பூச்சு நன்றாக இருக்கிறது. அவற்றுக்கிடையே பளீரென்ற வெள்ளைப் பிம்பம் தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை, அல்லது அழிந்துவிட்டது. நிழல் தடுப்பான் என்ற பிளாஸ்டிக் வளையத்தை லென்ஸின் மேல் பின்பக்கமாகக் கவிழ்த்து மாட்டிக்கொண்டு திரியும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: அதைத் திருப்பி மாட்டுங்கள். நம் வெள்ளை வானத்தில் அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

அதே வெள்ளை வானத்தில் யூக்கலிப்டஸ் கிளைகளை எடுத்தால் இலை விளிம்பில் ஊதாக் கோடு ஓடும். டொலண்ட் தீர்த்ததாகச் சொன்ன நிறத் தவற்றின் மிச்சம் அது. குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடிகளும் ஃபுளோரைட் படிகமும் இதற்காகத்தான் வந்தன. 1969இல் கெனன் ஒரு 300 மி.மீ. லென்ஸில் ஃபுளோரைட்டைப் போட்டுச் சந்தைக்கு விட்டது. நீண்ட தூர லென்ஸ்களுக்கு இது மிக முக்கியம். குட்டை லென்ஸ்களில் கணினியே துடைத்துவிடும்.

துவாரத்துக்கு வருகிறேன். எஃப் 1.8, எஃப் 5.6 என்று எழுதியிருப்பது குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த எண். 50 மி.மீ. லென்ஸில் 1.8 என்றால் துவாரம் சுமார் 28 மி.மீ. எண் சின்னதானால் ஓட்டை பெரிது. கமராவோடு இலவசம்போல் வரும் 18–55 லென்ஸ் நீண்ட முனையில் 5.6, அதோடு ஒப்பிட்டால் 1.8 கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளியை விடும். மாசியில் காமன் கூத்து நடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். லயத்து முற்றத்தில் இரண்டு மின்குமிழ், தீப்பந்தம், ஆடுகிறவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. 5.6இல் ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்வு எண்) 6400 கேட்கும் காட்சி 1.8இல் 640க்குள் அடங்கிவிடும். அல்லது ஷட்டர் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டி, வேஷம் கட்டியவரின் கையை அசையாமல் பிடிக்கலாம். லென்ஸில் வரும் அதிர்வுத் தடுப்பு இங்கே உதவாது. அது நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஆடுகிறவரை நிறுத்தாது. ஒரே ஒரு லென்ஸ் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் நான் இந்த 1.8ஐத்தான் சொல்வேன்.

ஆனால் லயத்துக் காம்பராவுக்குள் அதே லென்ஸ் கையைக் கட்டிவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சிறிய சென்சர் (ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் தகடு) உள்ள கமராவில் 50 மி.மீ. லென்ஸ் பத்தடித் தூரத்தில் ஐந்தடிக்கும் குறைந்த அகலத்தைத்தான் காட்டும். 18 மி.மீ. பதின்மூன்று அடியைக் காட்டும். வீட்டுக்குள் ஒரு குடும்பம் முழுவதையும் எடுக்க 18தான் வேண்டும். வீதியில் நின்றுகொண்டே 200 மி.மீ. லென்ஸால் கொழுந்து பறிக்கும் அக்காமாரை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகும் சுற்றுலாக்காரர்களைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதும் அளவுக்குக் கோபம் உண்டு. இங்கே வேண்டாம்.

டிஜிட்டல் வந்த பிறகு இந்தப் பேரத்தில் சில விலைகள் மாறிவிட்டன. ஃபிலிம் சாய்வாக வரும் ஒளியையும் அவ்வளவு முறைக்காமல் ஏற்றுக்கொள்ளும். சென்சரின் ஒவ்வொரு புள்ளியும் சின்னக் கிணறுபோல. ஒளி நேராக இறங்கினால்தான் அடி வரை போகும். மேலே ஒரு பாதுகாப்புக் கண்ணாடித் தகடு வேறு. அதனால் பழைய அகலக்கோண லென்ஸ்கள் சில டிஜிட்டல் கமராவில் மூலைகளில் கறுத்து, நிறம் மாறி, மங்கிப் போகின்றன. சென்சர் கண்ணாடிபோல் பளபளப்பானது. லென்ஸின் கடைசி வில்லைக்கும் அதற்கும் நடுவில் ஒளி போய்வந்து பேய்ப் புள்ளிகளை உண்டாக்கும். எனவே இப்போது பின்பக்க வில்லையின் பூச்சும் முன்பக்கத்தைப்போல முக்கியமாகிவிட்டது.

இன்னொரு பக்கம், சில தவறுகள் மலிந்துவிட்டன. உருத்திரிபு, மூலை இருட்டு, ஓரங்களில் விழும் ஊதாக் கோடு ஆகியவற்றைக் கமராவே கணக்குப் போட்டு நிமிர்த்திவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு இன்றைய வடிவமைப்பாளர்கள் உருத்திரிபை வேண்டுமென்றே லென்ஸில் விட்டுவைத்து, மற்றத் தவறுகளைத் திருத்துவதில் பாரத்தைப் போடுகிறார்கள். இது ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டூடியோ அண்ணன் வாங்கை வளைத்தது மாதிரிதான் இதுவும். ஆனால் இலவசமாக எதுவும் வருவதில்லை: இருண்ட மூலையை வெளுப்பாக்கினால் அங்கே இரைச்சல் என்று சொல்லும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் கூடும், வளைந்த மூலையை இழுத்து நிமிர்த்தினால் அங்கே நுணுக்கம் தேயும். கோமாவையும் பனித்திரையையும் மட்டும் எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது. தேர்ந்தெடுக்கும்போது அந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

டிஜிட்டல் கொண்டுவந்த பெரிய நோய் ஒன்று உண்டு: நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பது. 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 புள்ளி. சாதாரண மொனிட்டரில் அதை முழு அளவில் விரித்தால் ஐந்தடி அகலம் வரும். அதை ஒன்றரை அடி தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "மூலை சொஃப்ட்டா இருக்கு அண்ணே" என்று முறைப்பாடு வருகிறது. கல்யாண அல்பம் பன்னிரண்டு அங்குலம். ஃபோனில் பார்ப்பவருக்கு அதுவும் இல்லை. நிறுவனங்கள் வெளியிடும் கூர்மை வரைபடங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒரு மில்லிமீற்றரில் 10 கோடு, 30 கோடு என்று இரண்டு வளைகோடுகள் இருக்கும். 10 கோட்டு வளைவு மாறுபாட்டைச் சொல்கிறது, 30 கோட்டு வளைவு நுணுக்கத்தைச் சொல்கிறது. பலர் 30ஐயே பார்க்கிறார்கள். பனிக்காட்டில் எனக்கு 10தான் முக்கியம். பல நிறுவனங்களின் வரைபடம் கணினியில் கணித்தது, கையில் கிடைக்கும் லென்ஸை அளந்து வரைந்ததல்ல என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அருவிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டெவனையும் சென் கிளேயரையும் பட்டுத் துணிபோல் வழிய வைக்க, ஷட்டரை மெதுவாக்கி, துவாரத்தை எஃப் 22 வரை மூடிவிடுகிறார்கள். (சென் கிளேயரில் இப்போது தண்ணீர் பழையபடி இல்லை, மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பின் அது வேறு அருவி.) சின்ன ஓட்டையால் போகும் ஒளி விளிம்பில் விரியும், உயர்தரத்தில் கோணல் என்று படித்தது இதுதான். 22இல் ஒரு புள்ளி ஒளி சென்சரில் சுமார் 30 மைக்ரோமீற்றர் விட்டத்துக்குப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் சிறு சென்சரில் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய 4 மைக்ரோமீற்றர். ஏழு புள்ளிக்கு மேல் ஒன்றோடொன்று கலந்துவிடும். எஃப் 8இல் இந்தப் பரவல் 11 மைக்ரோமீற்றருக்குள் இருக்கும். உலகத்திலேயே விலை கூடிய லென்ஸும் 22இல் மலிவான லென்ஸ்போலத்தான். எட்டில் வைத்து, முன்னால் ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் ஒன்றைப் போட்டு எடுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்குவதென்றால் சோதனைப் பலகை தேடி அலைய வேண்டியதில்லை. நம் எல்லோர் வாசலுக்கும் எதிரே ஒரு மலை இருக்கிறது. கவ்வாத்து வெட்டாத தேயிலை மலையைவிட நுணுக்கமான சோதனைப் படம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடையாது. பனி விலகிய நேரத்தில் கமராவை ஸ்டான்டில் வைத்து, துவாரத்தை முழுதாகத் திறந்து, எதிர் மலையை நிரப்பி ஒரு படம். ஒரே கண்ணாடியால் வந்த இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இரண்டும் சமமாக மங்கினால் அது வடிவமைப்பின் குணம், பொறுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் தெளிவு, வலப்பக்கம் கஞ்சி என்றால் உள்ளே ஒரு வில்லை அச்சிலிருந்து நகர்ந்திருக்கிறது. எங்கோ ஒரு தரம் விழுந்திருக்கலாம். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை இருந்தும் இரண்டு லென்ஸ்கள் வேறு வேறாக இருப்பதற்கு இந்த நகர்வே பெரும்பாலும் காரணம்.

உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கமரா வந்ததால் பழைய லென்ஸ்களுக்கும் புது வாழ்வு கிடைத்திருக்கிறது. பழைய எம் 42 திருகு லென்ஸ் சென்சரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டியது. சோனி இ மவுண்டின் (லென்ஸ் மாட்டும் வாயின்) தூரம் 18 மி.மீ.தான். மிச்ச 27 மி.மீ. சொச்சத்துக்கு வெறும் கண்ணாடியில்லாத வளையம் போதும். மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் அலுமாரிகளில் அப்படிப்பட்ட லென்ஸ்கள் இன்னும் கிடக்கின்றன. எடுத்துப் பார்த்தால் பத்தில் பல பூஞ்சணம் பிடித்தவை.

இந்தப் பூஞ்சணத்தைப் பற்றி எந்த வெளிநாட்டு லென்ஸ் விமர்சனத்திலும் ஒரு வரி இருக்காது. மலையகத்தில் லென்ஸைக் கொல்வது இதுதான். காற்றின் ஈரப்பதன் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் வில்லையின் மேல் வித்து முளைக்கும். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் மழைக்காலத்தில் வீட்டுச் சுவரே வியர்க்கும்போது லென்ஸ் என்ன செய்யும்? முதலில் சிலந்தி வலைபோல் மெல்லிய நூல். அப்போதே துடைத்தால் போய்விடும். விட்டுவைத்தால் அது கக்கும் அமிலம் பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியையே அரிக்கும். அதன் பிறகு துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

நானும் ஏமாந்தவன்தான். பல வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் பாவித்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கினேன். கடைக் குழல்விளக்கின் கீழ் பளிங்குபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கமாக டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் இரண்டாவது வில்லையில் பனிப்பூப்போல் ஒரு படர்வு. திருப்பிக் கொடுக்கப் போனால், "உங்க ஊர் குளிர்ல பிடிச்சிருக்கும் தம்பி" என்றார்கள். இரண்டு நாளில்! வாங்கும்போது துவாரத்தை முழுதாகத் திறந்து, ஒரு முனையில் டோர்ச் வைத்து மறுமுனையால் சாய்த்துப் பாருங்கள். தூசு இருந்தால் கவலை வேண்டாம். நூல் தெரிந்தால் வேண்டாம்.

காப்பாற்றும் வழி எளிது. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் உள்ளே இருக்கும் மசகு காய்ந்து வளையம் இறுகும். சிலிக்கா நிறம் மாறினால் அடுப்பில் மெதுவாக வறுத்துத் திரும்பவும் போடலாம். அரிசி போடுகிறவர்கள் உண்டு. அரிசி மாவுத் தூசியைத்தான் தரும். தோல் பை கூடவே கூடாது. பூஞ்சணத்துக்கு அது சோறு. வெளிக்குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் வந்ததும் கமராவை வெளியே எடுக்காமல் பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவிடுங்கள், கண்ணாடியில் வியர்வை பிடிக்காது. நீட்டிச் சுருங்கும் ஸூம் லென்ஸ், துருத்திபோல் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் அதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மவுண்டில் இறப்பர் வளையம் வைத்த லென்ஸுக்குக் கூடுதல் விலை கேட்டால், நம் ஊரில் அது நியாயமான விலைதான்.

அந்தப் பூஞ்சண லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அது எடுக்கும் முகங்களில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளை வானம் வந்தால் படம் முழுக்கப் பால். போன விடுமுறையில் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் நாலு பேர் வந்திருந்தபோது அதைத் திருகாணி கழற்றித் திறந்தோம். ஆறு வில்லைகளையும் பத்திரிகைத் தாளில் வரிசையாக வைத்தோம்; இரண்டு ஒட்டியபடியே இருந்தன. மின்குமிழைக் காட்டி, எதில் பச்சை தெரிகிறது, எதில் ஊதா, எதில் வெள்ளை என்று கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுதான் இரண்டாவது கண்ணாடியை எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல மட்டும் லைட்டு வெள்ளையா இருக்கு" என்றது.